தாத்தா பாட்டியின் லயத்துப் படத்தைக் கேன்வாஸில் ஏற்றுவது எப்படி?

மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். அவருடைய பாட்டிக்கு அடுத்த மாதம் எண்பது வயது நிறைகிறது. தாத்தாவும் பாட்டியும் கைக்குழந்தையோடு தோட்டத்து லயத்து (தொழிலாளர் வரிசை வீட்டு) வாசலில் நிற்கும் கறுப்பு வெள்ளைப் படம் ஒன்று வீட்டில் இருக்கிறது. அதைக் கேன்வாஸில் ஏற்றிப் பாட்டிக்குக் கொடுக்க ஆசை. வீட்டுப் பிரிண்டரில் அச்சடித்து, வெள்ளைப் பசையால் ஒட்டி, காய்ந்ததும் தண்ணீர் தெளித்துத் தேய்த்திருக்கிறார். படம் முழுவதும் நீலமாய்க் கரைந்துவிட்டதாம். “எங்கே தப்பு, அக்கா? இல்லை, இதெல்லாம் ஈப்போவுக்குப் போய்க் கடையில் கொடுத்துச் செய்ய வேண்டிய வேலையா?” என்று கேட்கிறார்.

கடைக்குப் போக வேண்டாம் தம்பி, வீட்டிலேயே செய்யலாம். உங்கள் கை வேலையில் தப்பில்லை. மையும் பசையும்தான் தப்பு.

வீடுகளில் இருக்கும் பிரிண்டர் பெரும்பாலும் இங்க்ஜெட். அதன் மை பலவற்றில் தண்ணீர் பட்டால் கரையும். கறுப்பு வெள்ளைப் படமாக இருந்தாலும் பல இயந்திரங்கள் எல்லா நிறங்களையும் கலந்துதான் கறுப்பைக் காட்டுகின்றன. அதனால்தான் கரைந்தபோது நீலம் வெளியே வந்தது. லேசர் பிரிண்டரில் மையே கிடையாது. டோனர் என்பது நிறம் சேர்த்த பிளாஸ்டிக் தூள். சூடான உருளை அதை உருக்கிக் காகிதத்தின் மேல் பதிய வைக்கிறது. தண்ணீரில் எவ்வளவு நேரம் ஊறினாலும் அது கரையாது. இந்த வேலை முழுவதும் அந்தக் குணத்தை நம்பித்தான் நடக்கிறது. காகிதம் ஊறி உதிர வேண்டும், படம் அப்படியே நிற்க வேண்டும்.

பசையும் அப்படித்தான். பள்ளிப் பிள்ளைகள் வைத்திருக்கும் வெள்ளைப் பசை காய்ந்த பிறகும் தண்ணீரில் இளகும். காகிதத்தைத் தேய்க்கும்போது பசையும் சேர்ந்து உரிந்து வந்துவிடும். உங்களுக்குத் தேவை அக்ரிலிக் ஜெல் மீடியம். நிறம் சேர்க்காத கெட்டியான அக்ரிலிக் பெயிண்ட்தான் அது. ஈரம் வற்ற வற்ற அதிலுள்ள அக்ரிலிக் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டித் தெளிவான படலமாகும், டோனரைத் தனக்குள் பிடித்துக்கொள்ளும், பிறகு தண்ணீருக்கு அசையாது. லிக்விடெக்ஸ், கோல்டன் போன்ற பெயர்களில் ஓவியப் பொருள் கடைகளில் கிடைக்கும். நம் ஊரில் இல்லையென்றால் ஷாப்பி இணையக் கடையில் வாங்கலாம். மேட் (பளபளக்காதது), கிளாஸ் (பளபளப்பது) என்று இரண்டு வகை இருக்கும், கிளாஸ் வாங்குங்கள். மேட் வகையில் பளபளப்பைக் குறைக்கச் சேர்க்கும் பொருள் கறுப்பின் மேல் லேசான புகைபோல நிற்கும். மோட் போட்ஜ் என்ற பெயரில் படம் ஏற்றுவதற்கென்றே ஒரு திரவம் விற்கிறார்கள். அதில் தெளிவாகக் காய்வது ஒன்று, வெள்ளையாகக் காய்வது ஒன்று. டப்பாவைப் பார்த்து வாங்குங்கள். அதே பெயரில் வரும் சாதாரண மோட் போட்ஜ் பசை இந்த வேலைக்கு வேண்டாம்.

இனி படத்தைப் பற்றிப் பேசுவோம். பலரும் இதை யோசிக்காமல் நேரே பசைக்குப் போய்விடுகிறார்கள். எல்லாப் படமும் இந்த முறைக்கு ஒத்து வராது. காகிதத்தைத் தேய்க்கும்போது அங்கங்கே கொஞ்சம் டோனரும் போகத்தான் செய்யும். பலகைச் சுவரிலும் தகரக் கூரையிலும் வாசல் மண்ணிலும் அது போனால் அழகாகவே இருக்கும், பழைய படத்துக்குப் பொருந்தும். கண்ணில் போனால் படமே போச்சு. அதனால் நான் முதலில் முகத்தின் அளவைத்தான் பார்ப்பேன். கேன்வாஸில் ஏறியபின் முகம் இரண்டு சென்டிமீட்டருக்குக் குறையக் கூடாது. தோட்டத்துத் திருவிழாவில் நாற்பது பேர் வரிசையாக நிற்கும் படத்தை இதில் ஏற்றினால் யார் யாரென்று தெரியாது. அப்படிப்பட்ட படத்தைக் கடையில் கேன்வாஸிலேயே அச்சடித்து வாங்குவதுதான் சரி. உங்கள் படத்தில் மூன்றே பேர், பின்னால் லயத்துச் சுவர். இதைவிடப் பொருத்தமான படம் கிடைப்பது கஷ்டம்.

மூலப்படத்தை எக்காரணம் கொண்டும் ஒட்டிவிடாதீர்கள். ஸ்டூடியோ காகிதம் இந்த முறையில் உதிரவும் உதிராது, இருந்த ஒரே படமும் போய்விடும். பிரதி எடுத்துத்தான் வேலை. பழைய படங்கள் நம் ஊர் ஈரத்தில் சட்டத்தின் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டிருக்கும். படத்தின் மேற்பூச்சில் இருக்கும் ஜெலட்டின் ஈரத்தில் இளகிக் கண்ணாடியைப் பிடித்துக்கொள்வதால் வருவது இது. அப்படி ஒட்டியிருந்தால் பிடுங்காதீர்கள், முகம் கண்ணாடியோடு போய்விடும். கண்ணாடியைத் துடைத்துவிட்டு அப்படியே படம் எடுங்கள். ஐந்தடி வராந்தாவில் வெயில் நேரே படாத இடத்தில் வைத்து, நீங்கள் கறுப்புச் சட்டை போட்டுக்கொண்டு கைத்தொலைபேசியில் எடுத்தால் கண்ணாடியில் உங்கள் உருவம் விழாது. படம் தனியாக இருந்தால் ஸ்கேன் செய்வது நல்லது. 9 சென்டிமீட்டருக்கு 13 சென்டிமீட்டர் இருக்கும் பழைய படத்தை 600 டிபிஐயில் (ஓர் அங்குலத்துக்கு 600 புள்ளிகள்) ஸ்கேன் செய்தால் ஏ3 அளவுக்குப் பெரிதாக்கியபின் ஏறக்குறைய 180 டிபிஐ மிஞ்சும். கேன்வாஸின் சொரசொரப்புக்கு அது தாராளம்.

அப்புறம் முகத்தைத் துலக்க வேண்டும். அந்தக் காலத்தில் உச்சி வெயிலில் எடுத்த படங்களில் வெள்ளை வேட்டி பளிச்சென்று இருக்கும், தாத்தாவின் முகம் கறுத்துப் போயிருக்கும். அதை அப்படியே ஏற்றினால் முகம் ஒரே கறுப்புத் திட்டாகிவிடும். ஸ்னாப்சீட் போன்ற செயலியில் நிழல் பகுதியை மட்டும் வெளிச்சமாக்குங்கள், மூக்கும் கன்னமும் பிரிந்து தெரிய வேண்டும். அதன்பின் மொத்தப் படத்துக்கும் கான்ட்ராஸ்ட்டைக் கொஞ்சம் கூட்டுங்கள். கண்ணுக்குச் சற்று அதிகம் என்று தோன்றும் அளவே சரியாக வரும், ஏனென்றால் கடைசியில் மிஞ்சும் காகித நார் கறுப்பை வெளிறச் செய்யும். செயற்கை நுண்ணறிவு முகத்தைத் தெளிவாக்கிக் கொடுக்கும் என்று இப்போது பல செயலிகள் வந்துவிட்டன. இல்லாத கண்ணிமையையும் பல்லையும் தானாகவே வரைந்து வைப்பவை அவை. பாட்டி பார்த்துவிட்டு “இது யாரு?” என்று கேட்டால் நீங்கள் என்ன சொல்வீர்கள்? மங்கலாக இருந்தாலும் தாத்தா தாத்தாவாக இருக்கட்டும்.

படத்தை இடவலம் மாற்ற மறக்காதீர்கள். முகம் கீழே இருக்கும்படி ஒட்டுவதால் எல்லாம் திரும்பி விழும். எழுத்து இல்லாத படம்தானே, திரும்பினால் என்ன என்று சிலர் விட்டுவிடுவார்கள். பாட்டியின் முந்தானை வலது தோளுக்குப் போயிருப்பதை வேறு யாரும் கவனிக்காவிட்டாலும் பாட்டி கவனிப்பார்.

பட்டணத்தில் பெரும்பாலான போட்டோஸ்டேட் கடைகளில் லேசர் இயந்திரம் இருக்கும். திருப்பிய படத்தைத் தம்ப் டிரைவில் கொண்டுபோய், ஏ3 அளவில், ‘கெர்த்தாஸ் பியாசா’வில் (சாதாரணத் தாளில்) அச்சடிக்கச் சொல்லுங்கள். கடைக்காரர் நல்ல எண்ணத்தில் வழவழப்பான தடித்த தாளில் போட்டுக் கொடுத்துவிடுவார், அது உதவாது. 70 அல்லது 80 கிராம் சாதாரண வெள்ளைத் தாள்தான் ஊறி உதிரும். கடையை விட்டு வருமுன் ஓரத்தில் ஈர விரலால் தேய்த்துப் பாருங்கள். விரலில் நிறம் ஏறினால் அது லேசர் அல்ல. ஒன்றுக்கு மூன்று பிரதி எடுத்துக்கொள்ளுங்கள், காசு அதிகம் ஆகாது.

கேன்வாஸ் 30க்கு 40 சென்டிமீட்டர் எடுங்கள். கடையில் வாங்கும்போதே ஜெஸ்ஸோ என்ற வெள்ளை அடிப்பூச்சு பூசித்தான் வரும், ஆனால் விலை குறைந்ததில் பூச்சு மெலிதாக இருக்கும், நூல் இடுக்கெல்லாம் பள்ளமாகத் தெரியும். அந்தப் பள்ளங்களில் டோனர் தொடாமல் வெள்ளைப் புள்ளிகளாக நிற்கும். இரண்டு கை ஜெஸ்ஸோ பூசி, நன்றாகக் காய்ந்ததும் மெல்லிய மணல்தாளால் லேசாகத் தேய்த்துவிட்டால் முகம் சுத்தமாக ஏறும். படத்தின் வெள்ளைப் பகுதியில் டோனரே இருக்காது என்பதால் அங்கே கேன்வாஸின் நிறம்தான் தெரியும். ஜெஸ்ஸோவில் ஒரு துளி மண்பழுப்பு அக்ரிலிக் கலந்து பூசினால் தாத்தாவின் வேட்டி பழைய படத்தில் இருப்பதுபோலவே லேசாகப் பழுத்த வெள்ளையாக வரும். எனக்கு அது பிடிக்கும். பளீர் வெள்ளைதான் வேண்டும் என்றால் கலக்காதீர்கள். படத்தை 28க்கு 38 அளவில் வெட்டி, சுற்றிலும் ஒரு சென்டிமீட்டர் விட்டுவிடுங்கள். ஓரம்தான் முதலில் உரியும். கரை விட்டிருந்தால் உரிந்ததும் வேண்டுமென்றே செய்ததுபோல இருக்கும்.

ஒட்டும் வேலை பத்து நிமிடம்தான். சட்டம் போட்ட கேன்வாஸ் அழுத்தினால் உள்வாங்கும், ஆகவே அடியில் சட்டத்துக்கு நடுவே சரியாகப் பொருந்தும் பலகையோ தடித்த புத்தகமோ வையுங்கள். ஜெல்லை அகலத் தூரிகையால், ரொட்டி பாக்காரில் (சுட்ட ரொட்டியில்) காயா ஜாம் தடவுகிற கனத்துக்கு, விட்டுப்போகாமல் பூசுங்கள். காய ஆரம்பிக்குமுன் படத்தை முகம் கீழாக வைத்து, நடுவிலிருந்து ஓரத்துக்குப் பழைய வங்கி அட்டையால் வழித்துத் தள்ளுங்கள். காற்றுக் குமிழி நிற்கும் இடத்தில் படம் ஏறாது. குறிப்பாக மூன்று முகங்கள் இருக்கும் இடத்தை விளக்கில் சாய்த்துப் பார்த்து, மேடு தெரிந்தால் மறுபடி வழியுங்கள். ஓரத்தில் பிதுங்கும் ஜெல்லை உடனே ஈரத் துணியால் துடைக்க வேண்டும். காகிதத்தின் முதுகில் ஜெல் பட்டுக் காய்ந்தால் அந்த இடத்தில் தண்ணீர் இறங்காது, காகிதமும் ஊறாது.

இப்போது பொறுமை. டப்பாவிலும் வெளிநாட்டு வீடியோக்களிலும் ‘ஒரு இரவு காய விடுங்கள்’ என்றிருக்கும். அவர்கள் ஊர் இரவு வேறு. நமக்குக் காற்றில் ஈரப்பதமே 80 விழுக்காட்டை ஒட்டி இருக்கிறது. அதிலும் ஜெல் காகிதத்துக்கும் கேன்வாஸுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டிருக்கிறது. முழுதாக ஒரு நாள் விடுங்கள், மாலை மாலை மழை கொட்டும் நாட்களில் இரண்டு நாள். காற்றாடியின் கீழ் படுக்க வைத்தால் போதும். அவசரப்பட்டு வெயிலில் வைத்தால் காகிதம் சுருண்டு குமிழி கிளம்பும். ஹேர் டிரையரும் மேலே மட்டும் காய வைக்கும், உள்ளே பச்சையாகவே இருக்கும். புறங்கையால் தொட்டுப் பாருங்கள். குளிர்ச்சியாகத் தெரிந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது என்று அர்த்தம்.

காய்ந்ததும் தண்ணீர் தெளித்து இரண்டு மூன்று நிமிடம் ஊற விடுங்கள். படம் காகிதத்தின் முதுகு வழியே நிழலாடத் தொடங்கும்போது விரலின் சதையால் சின்னச் சின்ன வட்டமாகத் தேய்க்க வேண்டும். காகிதம் நூல் நூலாகத் திரண்டு வரும். நகம் படக் கூடாது, பாத்திரம் தேய்க்கும் பஞ்சின் பச்சைப் பக்கம் படவே கூடாது. கூரை, வாசல் என்று பின்னணியில் தொடங்கினால் எவ்வளவு அழுத்தலாம் என்று கைக்குப் பிடிபடும். முகங்களைக் கடைசியில் செய்யுங்கள். முதல் தடவையிலேயே எல்லாவற்றையும் எடுத்துவிடப் பார்ப்பதில்தான் பலர் முகத்தைத் தொலைக்கிறார்கள். ஈரமாக இருக்கும்போது எல்லாம் போய்விட்டதுபோலத்தான் இருக்கும். காய்ந்ததும் வெள்ளையாகப் பூத்து நிற்கும். மறுபடி நனைத்து, இன்னும் மெதுவாகத் தேயுங்கள். இரண்டு மூன்று சுற்றில் பெரும்பாலும் முடியும்.

அதன்பிறகும் மெல்லிய நார்ப்படலம் ஒன்று மிஞ்சும். அதை விரட்டிக்கொண்டு போகாதீர்கள். வார்னிஷ் பட்டால் அந்த நார் தெளிந்து கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும். ஈரமாக இருக்கும்போது படம் எப்படித் தெரிகிறதோ, ஏறக்குறைய அப்படித்தான் வார்னிஷுக்குப் பிறகு தெரியும். தேங்காய் எண்ணெய் தடவினாலும் தெளியுமே என்று கேட்பவர்கள் உண்டு. தெளியும்தான். ஆனால் அந்த எண்ணெய் ஒருநாளும் காயாது, தூசி பிடிக்கும், அதன் மேல் வார்னிஷும் ஒட்டாது.

எங்காவது டோனர் போயிருந்தால் வார்னிஷுக்கு முன்பே சரி செய்யுங்கள். கறுப்பையும் மண்பழுப்பையும் தண்ணீராகக் கலந்து மெல்லிய தூரிகையால் புள்ளி புள்ளியாக வைத்தால் போதும். சுவரிலும் மண்ணிலும் தொட வேண்டாம், அந்தத் தேய்மானம் இருக்கட்டும். கண், புருவம், உதடு மட்டும். பிறகு அக்ரிலிக் வார்னிஷ் மெலிதாக இரண்டு கை. முதல் பூச்சு முழுதாகக் காய்ந்த பிறகே இரண்டாவது.

பாட்டி வீட்டில் எங்கே மாட்டுவது என்பதையும் இப்போதே பேசிவிடுங்கள். தாத்தா காலமாகிவிட்டார் என்று எழுதியிருக்கிறீர்கள். படம் நேராகச் சாமி மேடைப் பக்கம்தான் போகும், வெள்ளிக்கிழமை வந்தால் சந்தனமும் குங்குமமும் வைப்பார்கள். கண்ணாடியில் வைத்த பொட்டைத் துடைக்கலாம். கேன்வாஸில் வைத்தால் அது நூலிடுக்கில் இறங்கி நிரந்தரமாகிவிடும். சாம்பிராணிப் புகை படியும், ஈரப் பூமாலை போட்டால் அந்த இடம் வெளுக்கும். கற்பூரத்துக்குப் பக்கத்தில் துணி வைப்பது ஆபத்தும்கூட. அதனால் சாமி மேடைக்குக் கண்ணாடி போட்ட பழைய படமே இருக்கட்டும். கேன்வாஸ் ஹாலுக்கு. அங்கேயும் மேற்கு வெயில் நேரே விழும் சுவர் வேண்டாம், குளியலறைக்குப் பின்சுவரும் வேண்டாம். சட்டத்தின் கீழ் மூலைகள் இரண்டிலும் சின்ன ரப்பர் பொட்டு ஒட்டினால் சுவரோடு படியாமல் காற்று போகும், பின்னால் பூஞ்சை பிடிக்காது.

பின்பக்கம் எழுதுவதைப் பரிசின் ஒரு பகுதியாகவே எடுத்துக்கொள்ளுங்கள். மார்க்கர் துணியில் ஊறி முன்பக்கம் வந்துவிடும், மரச்சட்டத்தின் மேல் பென்சிலால் எழுதுங்கள். பேர், ஆண்டு, குழந்தை யார். தோட்டத்தின் பெயரோடு எந்த டிவிஷன், எத்தனையாவது லயம் என்பதையும் பாட்டியிடம் கேட்டு எழுதுங்கள். உங்கள் படம் எடுத்த காலத்தை ஒட்டித்தான் இங்கே தோட்டங்கள் துண்டாடப்பட்டுக் கைமாறின. உங்கள் ஊர்க்காரரும் அன்றைய அமைச்சருமான துன் சம்பந்தன் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியதே அந்தத் துண்டாடலைப் பார்த்துத்தான். பால்மரம் (ரப்பர்) நின்ற பல இடங்களில் இன்று செம்பனை, லயம் இருந்த இடமும் அடையாளம் தெரியாது. பாட்டி ‘ரெண்டாம் டிவிஷன், பெரட்டுக் களத்துக்குப் பக்கத்து லயம்’ என்று சொன்னால் (பெரட்டுக் களம் என்பது காலையில் வேலையாட்கள் பேர் கொடுக்கக் கூடும் இடம்) அப்படியே எழுதுங்கள், திருத்த வேண்டாம்.

நாள் கணக்குக்கு வருவோம். சின்னக் கேன்வாஸ் பலகை ஒன்றில் மூன்றாவது பிரதியிலிருந்து ஒரு முகத்தை மட்டும் வெட்டி முதலில் ஏற்றிப் பாருங்கள், கைக்கு அழுத்தம் பழகும். பெரியது சரியாக வராவிட்டாலும் அதன் மேலேயே ஜெஸ்ஸோ பூசி, இரண்டாவது பிரதியை வைத்து மறுபடி செய்யலாம். கேன்வாஸ் வீணாகாது. விருந்துக்கு ஒரு வாரம் முன்பே வார்னிஷை முடித்துவிடுங்கள். தொட்டால் ஒட்டாத நிலைக்கு வந்தபிறகும் அக்ரிலிக் சூட்டில் இளகும், பிளாஸ்டிக் பட்டால் பிடித்துக்கொள்ளும். பிளாஸ்டிக் உறையிலோ குமிழி உறையிலோ நேராகச் சுற்றினால் வார்னிஷில் அதன் அச்சு விழுந்துவிடும். கேக் சுடும்போது தட்டில் விரிக்கும் தாள் இருக்கிறதே, அதை முன்பக்கத்தில் விரித்து, அதன் மேல் அட்டை வைத்துக் கட்டுங்கள். விருந்து கிள்ளானில் என்று எழுதியிருந்தீர்கள். நெடுஞ்சாலையில் சாப்பிட நிறுத்தினால் வண்டியை நிழலில் விடுங்கள், படத்தை வண்டியின் பின்பெட்டியில் (பூட்) போட வேண்டாம், பின்சீட்டில் படுக்க வைத்துக்கொண்டு போங்கள்.